பசு அசைபோடுதல்

சைவாசிரியர்களே,

ஆன்மாக்களுக்குத் தநு கரண புவன போகங்களைத் தந்தருளுபவர் சிவபெருமான் என்று மாணாக்கருக்கு நாள்தோறும் ஓதுகின்றோம். அத்தநுவின் அமைப்பைக் காட்டுக என்றாலோ, தவளையொன்றைக் கொன்று கீறல் வேண்டுமோ என்று மயங்குகின்றோம். காலையிலே கொல்லாமையைப் படிப்பித்து நண்பகலிலே கத்தியெடுப்பவனுடைய சொல்லைப் பிள்ளைகள் எங்ஙனம் நம்புவர்? அதுபற்றி உடற்கூற்றுக் கல்வியை விடுதலுந் தகாது, அறியாமை சைவமன்று.

பசுக் கட்டிய வளவுகள் யாழ்ப்பாணத்திலே இன்றும் உள. மாணாக்கரை அங்கே அழைத்துச்சென்று அரைமணி நேரம் வாளா இருந்து பார்க்கச் செய்யுங்கள். கிழித்திட்ட பனையோலையைப் பசு அரைகுறையாக மென்றே விழுங்கும். அதன் மேற்றாடையிலே முன்பற்கள் இல்லை, தடித்த முரசே உண்டு. கீழ்த்தாடையிலே 8 உள. பின்னர் நிழலிலே படுத்து அசைபோடும். அப்பொழுது கழுத்தைக் கூர்ந்து நோக்கின், ஓருருண்டை கீழிருந்து ஏறுதலும், தாடை பக்கவாட்டாக அரைத்தலும், அரைத்தது இறங்கச் சில விநாடியில் அடுத்தது ஏறுதலும் நன்கு புலப்படும். ஓருருண்டையை எத்தனைமுறை மெல்லுகின்றதென்று பிள்ளைகளே எண்ணுக; பெரும்பாலும் 40 முதல் 60 வரையில் வரும். சாதுவான பசுவாயின், இடப்பக்கத்துக் கடைசி விலாவின் பின்னுள்ள குழியிலே கைவைக்க. முதலிரைப்பை நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு முறை அசைதலை உணரலாம்.

இரைப்பையின் அறைகள் 4. முதலறையிலே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் எண்ணிறந்தன வாழ்ந்து, நம்மாற் சீரணிக்கலாகாத நாரைப் புளிக்கச்செய்து பசுவுக்கு உணவாக்கும். இரண்டாவதன் உட்புறந் தேன்கூடு போல்வது. மூன்றாவது ஏடடுக்கிய சுவடிபோல மடிப்புடையது (மேனாட்டாரும் அதனைப் புத்தகத்துக்கே ஒப்பிடுவர்). நான்காவதே நமது இரைப்பையை ஒத்தது. ஓலை பாலாகும் வழி இதுவே. கீறாமல் இவற்றை அறிவதெங்ஙனம் எனின், முன்னரே கண்டோர் எழுதிவைத்தன உள. அவற்றை அறிதற்கு வகுப்புத்தோறும் ஓருயிரைக் கொல்ல வேண்டுவதில்லை.

நோயுற்ற பசு அசைபோடாது. இதனை மாடு வளர்ப்போர் யாவரும் அறிவர். ஆனாயநாயனாருடைய குழலிசை கேட்ட பசுக்கள் அசைபோடாது நின்றன என்று சேக்கிழார் சுவாமிகள் அருளினார். அதனை நாம் பன்முறை படித்தும், கொட்டிலிலே நின்று பார்த்த பின்பன்றோ அதன் பெருமை விளங்கிற்று! நாளொன்றிலே 6 முதல் 8 மணி நேரத்தை அசைபோட்டே கழிக்கும் உயிர், நோயுமின்றி அச்சமுமின்றி அதனை மறந்துநின்றது. புராணபடனத்துக்கும் இப்பாடத்துக்கும் ஒரே பசு போதும்.

தவளையைப் பற்றியும் ஒன்று சொல்லுவோம். மாரிகாலத்திலே குளக்கரையிற் பிள்ளைகளுடன் காத்திருங்கள். தவளை இரையை விழுங்கும்பொழுது அதன் கண்களிரண்டும் உள்ளே அமிழ்ந்து, இரையைத் தொண்டைக்குள்ளே தள்ளுதற்குத் துணைசெய்யும். கீறிய தவளையிலே அது காணப்படாது.