கண்டார் உடையார் ஆவரோ?

ஆங்கிலத்தில் ‘டிஸ்கவரி’ என வழங்குஞ் சொல், மூடியதனைத் திறத்தல் என்னும் பொருளிற் பிறந்தது. இல்லதனை ஆக்குதல் அதற்குப் பொருளன்று. இச்சொல்லை இயற்கை நூலாரும், நாடு காண்பாரும், வழக்கறிஞரும் ஒருங்கே ஆளுவர். கண்டமை பற்றி ஒருவர்க்கு உரிமை பிறக்குமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

யுரேனஸ் என்னுங் கோளினைப் பிளாம்ஸ்டீட் என்பார் 1690-இலேயே கண்டு, விண்மீன் எனக் குறித்தார். 1781-இல் அதனைக் கண்ட ஹெர்ஷலும் முதற்கண் வால்வெள்ளி என்றே எண்ணினார். பலரும் கணித்தாராய்ந்த பின்னரே அது கோளெனத் துணியப்பட்டது. கண்ணிற் படுதல் வேறு, இன்னதென உணர்தல் வேறு என்பது இதனாற் பெறப்படும். உணருமுன்னும் அக்கோள் தன்நெறியிற் சென்றுகொண்டே யிருந்தது. நீங்கியது காண்பாரது அறியாமையே.

இனி, 1492-இல் கொலம்பஸ் அடைந்த பஹாமாத் தீவில் தைனோ மக்கள் வாழ்ந்திருந்தனர். அத்தீவு அவர்க்கு மறைந்ததன்று. மறைப்பு ஐரோப்பியர் அறிவின்கண்ணதே. அங்ஙனமாகவும், கண்ட அரசிற்கே நிலத்தின் முழுவுரிமை உண்டு, தொல்குடியினர்க்கு உள்ளது குடியிருப்புரிமையே என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1823-இல் தீர்ப்பளித்தது. தன் அறியாமை நீங்கியதனையே பிறர் பொருட்குப் பட்டயமாக்கியது என்னே! இக்கொள்கையை வத்திக்கான் 2023-இல் வெளிப்படையாக மறுத்துரைத்தது.

அற்றேல், அரிதின் முயன்று கண்டார்க்குப் பயனொன்றும் இல்லையோ எனின், உண்டு; நன்றியும் புகழும் அவர்க்குரியன. பொருளோ அவரதன்று. இயற்கை மரபணுவை உடலினின்றும் பிரித்தெடுத்தமை மாத்திரையானே அதன்மேற் காப்புரிமை பெறலாகாதென, மேற்கூறிய நீதிமன்றமே 2013-இல் துணிந்தமையும் நோக்குக.

வழக்கு நடைமுறையில் இச்சொற்குப் பிறிதொரு பொருளும் உண்டு. ஒரு கட்சியார் தம்பாலுள்ள ஆவணங்களை எதிர்க்கட்சியார்க்கு வெளிப்படுத்தல் அது; இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இலும் இதற்கு விதியுண்டு. தனக்கெனப் பற்றிக்கொள்ளுதற்கு மாறாகப் பிறர்க்குத் திறந்து காட்டுதலே ஈண்டுக் கடனாயிற்று.

கதிரொளி காட்டவே கண் காண்பதுபோல, இறைவன் காட்டவே உயிர் காணும் என்பது நம் சித்தாந்தத் துணிபு. காட்டிய முதலை மறந்து, ‘யான் கண்டேன், ஆதலின் எனது’ என்பது, புறவிருள் நீங்கியும் அகவிருள் நீங்காமையேயாம். தான் பெற்ற காட்சியைப் பிறர்க்குங் காட்டி நிற்றலே கண்டார்க்கு அறமென்க.