இறந்தது யார்?

இறந்தாரை எண்ணி இரங்கிப் பாடும் பாட்டுக்குக் கையறுநிலை என்று பெயர் வைத்தனர் நம் முன்னோர். மன்னன் மாண்டான், பாணர் அழுதனர். வள்ளல் மறைந்தான், புலவர் புலம்பினர். உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 243ஆம் பாட்டுக்கும் அதே துறைதான். ஆனால் அந்தப் பாட்டில் பிணமில்லை, பறையில்லை, ஈமத்தீ இல்லை. பின் இறந்தது யார்?

கோலூன்றிய கிழவர் ஒருவர் தம் சிறுபருவத்தை நினைக்கிறார், அவ்வளவே! மணலில் பாவை செய்து பூச்சூட்டியது, நீராடும் பெண்களோடு கைகோத்து ஆடியது, நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறிக் கரையில் நின்றோர் மருள மடுவில் குதித்தது, அடியாழத்து மணலை அள்ளிவந்தது. எல்லாம் எச்சங்களாகவே ஓடுகின்றன. முற்று வைத்து மூச்சுவாங்கச் சிறுவனுக்கு ஏது பொழுது? அந்த இளமை எங்கே போயிற்று என்ற கேள்வி எழுந்ததும் ஓட்டம் நிற்கிறது. நடுக்கம் வருகிறது, இருமலுக்கிடையே சில சொற்கள் மட்டும் வருகின்றன. முன்பகுதியின் நீளம்தான் பின்பகுதியின் இருமலை நம் செவியில் விழச் செய்கிறது. தொடக்கத்திலும் மணல், குதித்த பின்னும் மணல். கையில் அள்ளியது நில்லாது என்று புலவர் விளக்கவுரை எழுதவில்லை. அந்த இளமையைக் கல்லாத இளமை என்கிறார். பள்ளியாசிரியரான நமக்கு அச்சொல் சற்றே சுடத்தான் செய்கிறது! அவருடைய இயற்பெயர்கூட எஞ்சவில்லை. பாட்டில் வந்த கைத்தடியே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார்.

இறந்தவன் அந்தச் சிறுவன்தான். துறை வகுத்தவர் நுட்பமானவர்.

இளமை நிலையாது, ஆகவே துறந்துவிடு என்று பின்னாளில் நாலடியார் ஓர் அதிகாரமே வகுத்துப் போதித்தது. அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? நிலையாதது இழிந்தது என்று சொன்னவர் யார்? நம் கிழவர் அதைப் பொய்யென்று தள்ளவில்லை. இல்லையே என்று ஏங்குகிறார். துறக்கம் பேசவில்லை, மறுபிறப்பும் பேசவில்லை. மறுபிறப்பை நம்புவோர்க்கு ஒரு வசதியுண்டு: இப்பிறவியில் பறிபோனதை அடுத்த பிறவிக் கணக்கில் எழுதிவிடலாம். பகுத்தறிவாளனிடம் அந்தப் பேரேடு இல்லை. குழந்தைப் பருவம் ஒருமுறைதான். பறித்தால் ஈடு கிடையாது.

இங்கே சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சூழ்ந்த காப்பித் தோட்டங்களில் பழம் சிவக்கும் பருவம் வந்தால் நம் வகுப்பில் சில இடங்கள் வெறுமையாகும். "உன் தங்கை எங்கே?" என்றால், "தம்பியைப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கா சார், அம்மா பழம் பறிக்கப் போயிருக்கு" என்கிறான் அண்ணன். வயது ஒன்பது. அவள் தலையெழுத்து என்கின்றனர் பெரியவர்கள். 6 முதல் 14 வயதுவரை கல்வி உரிமை என்ற சட்டம் 2009இல் வந்துவிட்டது. தலையெழுத்து இன்னும் பதவி விலகவில்லை. எண்பது வயதில் கோலூன்றி நிற்கும்போது அவள் எந்த மடுவை நினைத்து ஏங்குவாள்?

தாயைப் பழிப்பதில் பயனில்லை. கூலியை விட்டால் அடுப்பு எரியாது. பழம் பறிக்கும் திங்கள்களிலாவது, தாய்மார் தோட்டத்துக்குப் புறப்படும் விடியற்காலையிலேயே கைக்குழந்தைகளை ஏற்கும் காப்பகம் மலைச் சிற்றூர்தோறும் வேண்டும். ஊராட்சிக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். கையெழுத்து வாங்க ஞாயிறுதோறும் வீடுவீடாகப் போகிறோம். மலையேறி வரும் தோழர்கள் உடன் வரலாம்.