ரோதை முனியும் மனிதர் அச்சமும்

மூடநம்பிக்கை என்பது எளிதிற் சொல்லப்படும் சொல்; ஆயின் எளிதில் வரையறுக்க இயலாத சொல். ஒருவர் தொழுவதை மற்றொருவர் மூடமெனத் தீர்க்குமிடத்து, அத்தீர்ப்பை வழங்கும் தகுதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற வினாவும் உடன் எழுகின்றது. நாட்டார் நம்பிக்கைகள் செறிந்த மலையகத் தோட்டப்புறங்களை நோக்குவார்க்கு இவ்வினாவினின்று தப்ப வழியில்லை.

ஸ்பானிய ஓவியர் கோயா 1799ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கப்ரிச்சோஸ்' என்னும் 80 அச்சோவியங்களுள் 52ஆவது ஈண்டு நினைக்கத்தக்கது. மரமொன்றின் மீது துறவியின் அங்கி போர்த்தப்பட்டிருக்கின்றது. கிளைகள் உயர்த்திய கரங்கள்போலத் தோன்றுகின்றன. அதன் முன்னே பெண்ணொருத்தி மண்டியிட்டுத் தொழுகின்றாள். தையற்காரன் ஒருவனால் எதுதான் இயலாது என்ற பொருளில் அமைந்தது அதன் தலைப்பு. ஓவியரின் எள்ளல் தொழுபவளைக் காட்டிலும், அங்கியைப் போர்த்தியவரையே மிகுதியும் சாடுகின்றது எனலாம்.

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலோ இத்தகைய தையற்காரர் எவருமின்றியே தெய்வங்கள் தோன்றின. 19ஆம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துரையிற் பயிரிடப்பட்ட பின் பரவிய தேயிலைக்காகவும் தமிழகத்தினின்று வந்தோர், மாரியம்மனையும் மதுரை வீரனையும் உடன் கொணர்ந்தனர். மாசி மாதத்துக் காமன் கூத்தையும் கொணர்ந்தனர். ஆயின் அவர்தம் ஊர்கள் அறியாத தெய்வங்கள் சிலவும் இம்மலைகளிற் பிறந்தன. கவ்வாத்து வேலையோடு தொடர்புடைய கவ்வாத்துச் சாமியும், தேயிலைத் தொழிற்சாலையின் எந்திரங்களுக்குக் காவலான ரோதை முனியும் அத்தகையன. ரோதை என்பது சக்கரம். கத்தி வழுக்கினாற் காலும், சக்கரம் இழுத்தாற் கையும் போகக்கூடிய தொழிலில், கத்திக்கும் சக்கரத்துக்கும் தெய்வம் கண்டமை வியப்பன்று.

இவ்வழிபாட்டை அறியாமை என்று மட்டும் கூறுவது பொருந்துமா? எந்திரம் எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தொழிலாளி நன்கறிவான். அதன் வேகத்தையோ, வேலை நேரத்தையோ, பாதுகாப்பையோ தீர்மானிக்கும் அதிகாரம் மட்டுமே அவனிடமில்லை. அதிகாரமற்ற இடத்தில் அறிவு அச்சமாகின்றது, அச்சம் வழிபாடாகின்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு, தம் முறையீட்டைக் கேட்க முனியேனும் இருந்தது. அந்த ஆறுதலை எள்ளி நகைப்பது அறமாகாது.

எனினும் பரிவின் பெயரால் எல்லா நம்பிக்கைகளையும் போற்றுதலும் அறமன்று. காய்ச்சலுற்ற குழந்தைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுதல் தாயின் அன்பே; அக்கயிற்றை நம்பி மருத்துவமனைக்குச் செல்லாதிருத்தலோ அக்குழந்தைக்கே தீங்கு. அதனினும் கொடியது விதி என்னும் நம்பிக்கை. 2014 ஒக்தோபர் 29 அன்று ஊவா மாகாணத்தின் கொஸ்லாந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென ஆய்வாளர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர். அத்தகைய சாவை விதியென்று ஏற்றுக்கொண்டால், எச்சரிக்கை ஏன் செயலாகவில்லை என்று வினவுவார் எவருமிலர். பொறுப்புடையோர் அனைவரும் அவ்வொரு சொல்லின் மறைவில் ஒதுங்கிக்கொள்வர். கோயா வரைந்த அங்கி அங்கே மீண்டும் போர்த்தப்படுகின்றது.

ஆகவே ஒரு நம்பிக்கையின் தராதரத்தை அதன் உருவத்தைக்கொண்டு அளத்தல் போதாது. அது மனிதனை வினவ விடுகின்றதா, அன்றி வாயடைக்கின்றதா என்பதே உரைகல். ரோதை முனிக்குக் கற்பூரம் ஏற்றியவன், எந்திரத்துக்குக் காப்புவேலி எங்கேயென்றும் கேட்பானாயின், அவன் வழிபாட்டில் மூடம் ஏதுமில்லை. அவ்வாறு கேட்பதற்கான கல்வியையும் உரிமையையும் அவனுக்கு மறுத்துவிட்டு, அவன் ஏற்றிய கற்பூரத்தைப் பழிப்போரே நாணத்தக்கவர்.