உயரம் குறைந்த பிள்ளையும் பெற்றோர் மனச்சாட்சியும்



மாதக் கணக்குக்குத் தகுந்த எடையோ நீளமோ இல்லாமல் சிறுத்துப் பிறக்கும் சிசுக்கள் உண்டு. இவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் இரண்டு வயதுக்குள் தாமாகவே மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். எஞ்சிய ஒருவனைப் பற்றியதே நம் கேள்வி. அவனுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுவது முறையா?

இம்மருந்தின் சரித்திரத்தைச் சற்றுக் கேளுங்கள். சுரப்பிக் கோளாறால் வளராதிருந்த 17 வயதுப் பையன் ஒருவன், இறந்தோரின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனால் வளர்ந்தான் என்று 1958-ல் அமெரிக்க வைத்தியர் மாரிஸ் ராபென் அறிவித்தார். 1985-ல், அத்தகைய மருந்தைப் பெற்ற சிலர் கொடிய மூளை நோயால் மாண்டது தெரியவர, அது அங்கே நிறுத்தப்பட்டது. பிரான்சில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இவ்விதம் இறந்தனர். பெற்றோர் நல்ல மனதோடு போடச் சொன்ன ஊசிதான் அது! அவ்வாண்டே நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதில் அந்த ஆபத்து இல்லை. சிறுத்துப் பிறந்து வளராத பிள்ளைகளுக்கு 2001-ல் அமெரிக்காவும் 2003-ல் ஐரோப்பாவும் இதை அனுமதித்தன.

ஆகவே மருந்து ஆகுமா ஆகாதா என்பதல்ல சங்கதி. தினம் ஓர் ஊசி, பல வருஷம். செலவோ பெரிது. இரத்தத்தில் சர்க்கரையையும் சோதித்து வரவேண்டும். கிடைப்பது சில சென்டிமீட்டர். ஒருவனுக்கு அதிகம், ஒருவனுக்குச் சொற்பம். பிள்ளையோ படுக்கையில் கிடக்கும் நோயாளி அல்ல, ஓடுகிறான், ஆடுகிறான். (சாப்பிடத்தான் மாட்டேனென்கிறான் என்று தாய்மார் சொல்வது கேட்கிறது.) அவன் பெரியவனாகித் தானே தீர்மானிக்கட்டும் என்று காத்திருக்கவும் இயலாது. எலும்பின் முனைகள் மூடிக்கொண்டபின் ஊசி பலிக்காது. அவனுக்காக நாமே தீர்மானிக்கவேண்டும். அங்கேதான் மனச்சாட்சி நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

உங்களையே கேளுங்கள்: வருந்துவது யார்? பள்ளியில் கேலிக்கு ஆளாகி அழுதுகொண்டு வரும் அவனா? அல்லது கலியாண வீட்டில், "என்ன, பையன் வளரவேயில்லையே" என்ற சொல்லைத் தாங்கமாட்டாத நாமா? அவனாயின், வைத்தியம் செய்வதில் குற்றமில்லை என்பேன். நாமாயின், நம் புண்ணுக்கு அவன் தொடையில் ஊசி குத்துகிறோம்.

இன்னொன்று. இரவுதோறும் அந்த ஊசியோடு அவன் மனதில் என்ன பதிகிறது? "இப்போதிருக்கும் நான் போதாதவன்" என்பதா? சக்கேயு குள்ளன், மரத்தில் ஏறினான். ஆண்டவர் அவன் உயரத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, அவன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். மரத்தில் ஏறியதற்காக அவனைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

போடத் தீர்மானித்தால், எதற்கென்று பிள்ளைக்கு அவன் பேச்சிலேயே சொல்லுங்கள். ஆறு வயதிலும் விளங்கும். வேண்டாமென்று தீர்மானித்தால், பிற்காலத்தில் அவன் "ஏன்?" என்று கேட்கும் நாளுக்கு ஒரு பதிலை வைத்திருங்கள். எப்படியானாலும், அவனைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் கோடிட்டு வாரந்தோறும் அளக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அளவெடுக்க வைத்தியர் இருக்கிறார்.