கதைமாந்தர்க்கு நீதி

கதை எழுதுவோன் கையில் உள்ள அதிகாரம் வேறு எவர் கையிலும் இல்லை. அரசனுக்கும் சட்டம் உண்டு. நீதிபதியின் தீர்ப்புக்கும் மேல்முறையீடு உண்டு. கதாசிரியனோ தான் படைத்த ஒருவனை ஒரே வரியில் கொன்றுவிடலாம், நல்லவனைத் திருடனாக்கலாம், தாயைப் பேயாக்கலாம். ஏன் என்று கேட்பார் இல்லை. தாளில் பிறந்தவன் வழக்கு மன்றம் ஏறப் போவதும் இல்லை. இத்துணை வரம்பற்ற அதிகாரத்திற்கு ஓர் அறம் உண்டா? உண்டெனில் அது யாது? படைப்பிலக்கியத்தில் நாட்டம் உடைய ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

நம் வகுப்பறைகளில் பாத்திரப் படைப்பு என்பது பெரும்பாலும் ஒரு பாடக் கூறாகவே கற்பிக்கப்படுகிறது. முதன்மைப் பாத்திரம் யார், துணைப் பாத்திரங்கள் யாவர், அவர்தம் பண்புநலன்கள் எவை என்று வினவுகிறோம். ‘பொறுமை மிக்கவன், பெற்றோரை மதிப்பவன், விடாமுயற்சி உடையவன்’ என மாணவர் பட்டியலிடுகின்றனர். தேர்வுக்கு அது போதும். ஆயினும், நூலை மூடியதும் சில மாந்தர் மறைந்துபோக, வேறு சிலர் ஆண்டுகள் பல கடந்தும் நம்மோடு வாழ்வது எதனால் என்ற வினாவிற்கு அப்பட்டியலில் விடை இல்லை. வருணனைத் திறமும் உரையாடல் நயமும் துணை செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நிற்பது, ஆசிரியன் தன் மாந்தர்க்கு வழங்கும் நீதியே ஆகும். பாத்திரப் படைப்பு ஓர் உத்தியாவதற்கு முன்பே ஓர் அறமாகிவிடுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாலியும் பாண்டியனும்

ஆராய்ந்து, எவர் பக்கமும் சாயாது முறை செய்வதே செங்கோன்மை என்பது வள்ளுவர் கண்ட நெறி. மன்னனுக்குக் கூறிய அந்நெறி கதாசிரியனுக்கும் பொருந்தும். தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும். விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவனும் வாய் திறக்க இடம் வேண்டும். தீயவனுக்கும் அவனுடைய நியாயம் ஒன்று இருக்கும். அது பொய்யான நியாயமாக இருக்கலாம். தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் நியாயமாகவும் இருக்கலாம். ஆயினும் அதை அவன் தன் வாயாலேயே சொல்லித் தீர வேண்டும்.

இதற்குத் தமிழில் தலைசிறந்த சான்று கம்பனின் வாலி. மறைந்து நின்று எய்த அம்பு மார்பில் பாய, மண்ணில் வீழ்ந்து கிடக்கும் வாலி, எய்தவனை நோக்கி வினா மேல் வினாவாகத் தொடுக்கிறான். வான்மீகத்திலும் வாலி கேட்கின்றான் என்பது உண்மையே. ஆனால் கம்பனுக்கு இராமன் காப்பியத் தலைவன் மட்டும் அல்லன். வழிபடு கடவுளும் ஆவான். தன் தெய்வத்தின் மீது சாட்டப்படும் குற்றத்தைப் பக்தன் ஒருவன் மெல்லக் கூறி நகர்ந்திருந்தால், அவனைக் குறை சொல்வார் இரார். கம்பன் அவ்வாறு நகரவில்லை. வாலியின் வினாக்களை அவன் சற்றும் மழுக்கவில்லை. இன்றும் பட்டிமன்ற மேடைகளில் வாலி வதம் ஓயாது பேசப்படுவதற்கு அதுவே காரணம். தன் அன்புக்கு உரியவனை எதிர்த்து நிற்பவனுக்கும் முழுக்குரல் வழங்கியதால், கம்பனின் வாலி இறந்தும் இறவாதவன் ஆனான்.

இளங்கோவடிகளும் இவ்வறம் காத்தவரே. கோவலனைக் கொல்வித்த பாண்டியனைக் கொடுங்கோலனாகவே காட்டி அவர் முடித்திருக்கலாம். அவரோ, சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த அந்தக் கணமே தன் பிழை உணர்ந்து உயிர் துறக்கும் மன்னனாக அவனைக் காட்டுகிறார். பிழை செய்தவன், தான் செய்த பிழையினும் பெரியவனாக உயர்ந்து நிற்கும் காட்சி அது. அதே காப்பியத்தில் வரும் பொற்கொல்லனை இங்கு ஒப்பு நோக்குதல் வேண்டும். அவனுக்குப் பெயர் இல்லை. தன் களவை மறைக்கும் சூழ்ச்சிக்கு அப்பால் அவன் நெஞ்சில் என்ன இருந்தது என்பதையும் நாம் அறியோம். கதையை நகர்த்திவிட்டு அவன் போய்விடுகிறான். பாண்டியனுக்காக நாம் இரங்குகிறோம். பொற்கொல்லனுக்காக இரங்குவார் எவரும் இலர். ஒரே புலவரின் படைப்பிலேயே, நெஞ்சம் திறந்து காட்டப்பட்டவனுக்கும் காட்டப்படாதவனுக்கும் உள்ள வேறுபாடு இது.

அறிதலும் ஒப்புதலும்

‘தீயோர்க்கும் நியாயம் பேச இடம் கொடுத்தால், தீமையை ஏற்றுக்கொண்டதாக ஆகாதா? இளம் உள்ளங்கள் கெட்டுப் போகாவா?’ என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். மாணவர் கையில் நூலை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். ஆதலின் இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கது அன்று. ஆனால் ஒருவனை அறிதல் வேறு. அவன் செயலை ஒப்புதல் வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணும் ஆற்றலே இலக்கியக் கல்வியின் பயன் எனலாம்.

உருசியப் பேரெழுத்தாளர் டால்ஸ்டாய் 1873ஆம் ஆண்டில் ‘அன்னா கரீனினா’ நாவலை எழுதத் தொடங்கினார். கணவனைப் பிரிந்து வேறொருவனை நாடிச் சென்ற பெண்ணின் கதை அது. முதல் வரைவுகளில் அப்பெண் நயமற்றவளாகவும் வெறுக்கத்தக்கவளாகவும் இருந்தாள். கணவனே இரக்கத்திற்குரியவனாக இருந்தான். ஆசிரியர் திருத்தித் திருத்தி எழுத, அவள் மாறிக்கொண்டே வந்தாள். அவளுடைய தனிமையும், மகன்மீது அவள் கொண்ட ஏக்கமும், ஊராரின் இரட்டை முகமும் அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. கண்டிக்க எழுந்த கை, எழுத எழுத இரங்கும் கையாயிற்று. எனினும் அவர் அவளுக்கு விடுதலை எழுதித் தரவில்லை. அவள் தேர்ந்த வழியின் விளைவுகளை ஒன்றையும் மறைக்காமல், இரயில் தண்டவாளம் வரை அவளுடன் சென்றார். நீதி என்பது குற்றமற்றவள் எனத் தீர்ப்பளிப்பதன்று. முழுமையாக அறிந்து கூறுவதே என்பதற்கு இது போதிய சான்று.

ஒரு தாயின் இரு தீர்ப்புகள்

தமிழில் இவ்வினாவை மிக ஆழமாகத் தொட்டவர் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. மழை நாளில் பேருந்துக்குக் காத்து நின்ற கல்லூரி மாணவி ஒருத்தியை, காரில் வந்த ஒருவன் ஏற்றிச் செல்கிறான். சீர்குலைந்தவளாக அவள் வீடு திரும்புகிறாள். முதலில் அலறி அடிக்கும் தாய், பின்னர் தெளிந்து, மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூயவள் என ஏற்றுக்கொள்கிறாள். ஒரு குடம் நீரில் ஒரு பெண்ணின் வாழ்வு காக்கப்பட்டது. அதை ஏற்க மனமில்லாத வாசகர் பலர் கொதித்தெழுந்தனர்.

எழுத்தாளர் அவர்களுக்குக் கட்டுரையால் மறுப்பு எழுதி அமைந்திருக்கலாம். அவரோ தம் கதையையே மீண்டும் விசாரணைக்கு எடுத்தார். அந்தத் தாய் அவ்வளவு தெளிவுடையவளாக இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் இவ்வினாவிலிருந்து பிறந்தது. அதில் தாயின் அலறல் ஊருக்குக் கேட்டுவிடுகிறது. அண்ணன் தங்கையை வீட்டை விட்டு விரட்டுகிறான். கங்கா படித்து அலுவலராகிறாள். ஆனால் அந்த ஒரு மாலைப்பொழுது அவளை விடவில்லை. முந்தைய சிறுகதையே நாவலுக்குள் வந்து, அதைக் கங்கா படிப்பதாகவும் அமைகிறது. பின்னர் அவள் தேடிக் கண்டடையும் அந்த மனிதன் அரக்கன் அல்லன். வயது வளர்ந்தும் மனம் வளராத, உறுதியற்ற ஒருவன். அவனுக்கும் நீதி வழங்கப்படுகிறது. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமிப் பரிசைப் பெற்ற இந்நாவலில், ஆசிரியர் தம் கருத்தின் வெற்றிக்காகக் கங்காவின் வாழ்வை வளைக்கவில்லை. சிறுகதை காட்டியது நடக்க வேண்டியதை; நாவல் காட்டியது நடக்கக் கூடியதை. இரண்டையும் ஒருவரே எழுதத் துணிந்தார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

கங்காணிக்கும் ஒரு நெஞ்சு

இனி, நம் மண்ணுக்கு வருவோம். தோட்டப் புறக் கதைகளில் சில முகங்கள் அச்சில் வார்த்தவை போலத் திரும்பத் திரும்ப வந்துள்ளன. கொடுமைக்காரக் கங்காணி, இரக்கமற்ற கிராணி, கள்ளுக்கடையே கதியான தந்தை, லயத்து வாசலில் அழுது நிற்கும் தாய். இவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் இவ்வளவாக மட்டுமா இருந்தார்கள்?

கங்காணி யார்? பெரும்பாலும் அவனும் கூலியாக வந்தவனே. தன் சொந்த ஊருக்கே திரும்பிச் சென்று, உறவினரையும் ஊராரையும் முன்பணம் கொடுத்துத் திரட்டி, கப்பலேற்றி அழைத்து வந்தவன். வேலைக்கு வந்து நின்ற ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெற்றவன். ஆகவே ஒருவன் காய்ச்சலில் படுத்தாலும் அவனுக்கு நட்டம். துரையின் முன் கைகட்டி நின்றவன். லயத்தில் கை ஓங்கி நின்றவன். தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதற்கு 1938இல் இந்திய அரசு தடை விதித்தபோது, அவனுடைய செல்வாக்கின் வேரும் அறுந்தது. தன் ஊர் மக்களையே கொண்டுவந்து, அவர்களையே அடித்து வேலை வாங்கிய ஒருவன், இரவில் எப்படி உறங்கினான்? ஊரில் விட்டுவந்த கிழவிக்கு, அவள் மகன் இறந்த செய்தியை எந்தச் சொற்களில் எழுதி அனுப்பினான்? இவ்வினாக்களைக் கேட்கும் எழுத்தாளனுக்கே உயிருள்ள கங்காணி கிட்டுவான். சாட்டையை மட்டும் கண்டவனுக்குச் சாட்டை மட்டுமே கிட்டும். அவன் இழைத்த கொடுமையும், அந்நெஞ்சின் வழியே காணும்போதுதான், முன்னிலும் கூர்மையாக நம்மைச் சுடும்.

இங்கு இன்னொரு கடமையும் உண்டு. நம் சமூகம் சிறியது. ஒரு தோட்டத்தையோ, ஒரு பள்ளியையோ, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பையோ வைத்து எழுதினால், எவரைக் கண்டு எழுதியது என்பதை வாசகர் விரைவில் அறிந்துகொள்வர். பெயரை மாற்றினால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது. உயிரோடு இருப்பவரின் துயரத்தை எடுத்தாளும்போது, ‘இவர் இதைப் படித்தால், என்னை அவமதித்தான் என்பாரா, என்னை அறிந்திருக்கிறான் என்பாரா?’ என்று எழுத்தாளன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது விடை கிட்டும் வரை அக்கதை முற்றுப் பெற்றதாகாது.

எழுத்துக்குப் பின்னுள்ள வாழ்வு

இவ்வாற்றல் எங்கிருந்து வருகிறது? 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ வழியே நடத்திய ‘கதை வகுப்பு’ மலாயாவில் இளம் எழுத்தாளர் பலரை உருவாக்கியது. கதையின் அமைப்பையும் நடையையும் கற்பிக்க இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால் பிற மனிதரைப் பொறுமையோடு நோக்கும் பழக்கம் வகுப்போடு முடிவதில்லை. அது வாழ்நாள் முழுதும் பயில வேண்டிய ஒன்று.

ப. சிங்காரத்தின் வாழ்வை எண்ணிப் பார்க்கலாம். 1920இல் பிறந்த அவர், இளமையிலேயே சுமத்திராவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்றார். போரையும் சப்பானியர் ஆட்சியையும் கண்டார். மனைவியையும் குழந்தையையும் அம்மண்ணிலேயே இழந்தார். பின்னர்த் தாயகம் திரும்பி, மதுரையில் செய்தித்தாள் அலுவலகத்தில் பணியாற்றித் தனியே வாழ்ந்தார். 1997இல் மறையும்வரை அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. 1972இல் நூலான ‘புயலிலே ஒரு தோணி’ அந்நாளில் போதிய கவனம் பெறவில்லை. இன்று தமிழின் சிறந்த நாவல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. மேடானிலும் பினாங்கிலும் அலையும் அதன் நாயகன் பாண்டியன் வீரனும் ஆவான். கொலை செய்தவனும் ஆவான். ஆசிரியர் அவனுக்கு மாலை சூட்டவும் இல்லை. அவனைக் கூண்டில் ஏற்றவும் இல்லை. கண்டதையும் இழந்ததையும் நெடுங்காலம் மனத்தில் சுமந்தவர்க்கே இந்த நடுநிலை கைகூடும். புகழுக்கு விரைபவனுக்குத் தீர்ப்பும் விரைவாகவே வந்துவிடுகிறது.

ஆசிரியர்கள் இந்நெறியை வகுப்பறையிலேயே தொடங்கலாம். ‘பண்புநலன்களைக் கூறுக’ என்பதோடு நில்லாமல், ‘அவ்வேளையில் அவனுக்கு எது தெரிந்திருந்தது? எது தெரியாதிருந்தது? அவனுக்கு வேறு வழி இருந்ததா?’ என்றும் கேட்கலாம். எழுத விழையும் மாணவன், தனக்குச் சற்றும் பிடிக்காத ஒருவர் தம் கதையைத் தாமே கூறுவதுபோல ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். முதல் பத்தி கேலியாக வரும். இரண்டாம் பத்தியில் பேனா தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் பாத்திரம் பிறக்கிறது.

தாளில் உள்ள மனிதனுக்கு நீதி வழங்கப் பழகியவன், தெருவில் எதிர்ப்படும் மனிதனைப் பற்றி எளிதில் தீர்ப்புக் கூற மாட்டான். இலக்கியம் நம்மைப் பண்படுத்துகிறது என்று காலங்காலமாகக் கூறி வருகிறோம். அது பண்படுத்தும் முறை இதுவே.