பற்றின் எடை: ஜூம் லென்ஸும் கழுகுமலைச் சமணரும்

தூத்துக்குடியில் திருமணங்களையும் கோயில் கொடைகளையும் மாதா திருவிழாவையும் படம்பிடித்து வாழ்வோரிடையிலும், ஓய்வு நாளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு உப்பளப் பக்கம் செல்வோரிடையிலும் தீராத வழக்கொன்று உண்டு. அகன்ற காட்சி முதல் தொலைவுக் காட்சி வரை அனைத்தையும் தன்னுள் அடக்கிய ஒரே ஜூம் லென்ஸ் போதுமா, அல்லது தொழில்முறையாளர் கையாளும் எடை மிகுந்த லென்ஸைச் சுமந்தே ஆக வேண்டுமா என்பதே அவ்வழக்கு. விலை, எடை, படத்தின் தெளிவு ஆகியவற்றைக் கணக்கிட்டு அதற்குத் தீர்ப்புச் சொல்வது வழக்கம். ஆயினும் அதன் அடியில், ஒருவர் எதை உடன்கொண்டு செல்லலாம், எதைக் காணாமல் விடச் சம்மதிக்க வேண்டும் என்னும் பழைய அறவியல் வினா கிடக்கிறது. அவ்வினாவைத் தமிழகத்தில் மிகக் கூர்மையாக ஆராய்ந்தவர்கள் சமணர். அவர்கள் 8, 9 ஆம் நூற்றாண்டுகளில் தங்கிக் கற்பித்த கழுகுமலை இன்று தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கிறது.

முதலில் எடை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. லென்ஸின் குவியத் தூரம் மில்லிமீட்டரில் குறிக்கப்படும், 28 மி.மீ. அகன்ற காட்சியைத் தரும், 200 மி.மீ. தொலைவில் உள்ளதை அருகில் இழுத்துக் காட்டும். அப்பெர்ச்சர் எனப்படும் ஒளித்துளையின் அளவு எஃப் எண்ணால் குறிக்கப்படும். குவியத் தூரத்தை அவ்வெண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். டாம்ரான் நிறுவனம் 1992 இல் 28 முதல் 200 மி.மீ. வரை செல்லும் கையடக்கமான ஜூம் லென்ஸை வெளியிட்டு இவ்வகைக்குப் பரவலான புகழைத் தேடித் தந்தது. அதே நிறுவனம் 2020 இல் வெளியிட்ட இதே வீச்சுள்ள லென்ஸ் 575 கிராம் எடையே உள்ளது, ஆனால் 200 மி.மீ. முனையில் அதன் துளை எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, அதாவது ஏறத்தாழ 36 மி.மீ. விட்டம். தொழில்முறையாளரின் 70–200 லென்ஸோ தன் வீச்சு முழுவதும் எஃப் 2.8 என்னும் துளையைக் காத்துக்கொள்வது, 200 மி.மீ. முனையில் அதன் விட்டம் ஏறத்தாழ 71 மி.மீ. ஆகும். விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், உள்ளே வரும் ஒளியும் நான்கு மடங்காகும். அவ்வளவு ஒளியை ஏற்கும் கண்ணாடி பெரிதாக இருந்தே தீர வேண்டும் என்பதால்தான் இத்தகைய லென்ஸ்கள் பலகாலம் ஒன்றரைக் கிலோ அளவில் இருந்தன. அண்மையில் வந்தவையும் ஒரு கிலோவைச் சுற்றியே நிற்கின்றன. எனவே அந்த எடை ஆடம்பரம் அன்று, அது ஒளிக்குக் கொடுக்கும் விலை.

அந்த விலை எல்லா இடத்திலும் பயன் தருவதில்லை என்பதைத் தூத்துக்குடியின் நிலமே காட்டுகிறது. நண்பகல் உப்பளத்தில் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும்போது எந்த லென்ஸாயினும் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கியே எடுத்துவிடலாம் என்பதால், பெரிய கண்ணாடியின் நான்கு மடங்கு ஒளி அங்கே பயனற்றுப் போகிறது. தரையிலிருந்து எழும் கானல் தொலைவுக் காட்சியின் கூர்மையையும் கெடுத்துவிடுகிறது. பனிமய மாதா பேராலயத்தினுள் மாலை நவநாள் வழிபாட்டின்போது நிலைமை நேர்மாறானது. பிளாஷ் வெளிச்சம் வழிபடுவோருக்கு இடையூறாகும். அது இல்லாமல், சிறிய துளையுள்ள லென்ஸால் 1/125 நொடியில் எடுக்க வேண்டிய படத்தைப் பெரிய லென்ஸால் 1/500 நொடியில் எடுத்துவிடலாம், அசையும் கைகளும் உதடுகளும் மங்காமல் பதியும்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது கருவியியல் வினா மட்டுமே. ஆனால் படக்கலைஞர்கள் இதற்கு அறநெறிச் சாயலும் ஏற்றிவிடுகிறார்கள். குறைந்த சுமையோடு செல்பவர் பற்றற்றவர் போலவும், கனத்த பையோடு செல்பவர் பொருளாசை உடையவர் போலவும் ஒரு சாரார் பேச, சுமப்பவரே கலைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர், சுமக்காதவர் சோம்பேறி என்று மறு சாரார் பேசுகின்றனர். இரு தரப்பும் எடையைக் கொண்டே பற்றை அளக்கின்றன. சமணர் மறுத்தது இந்த அளவுகோலைத்தான்.

கழுகுமலையின் பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன; அவற்றின் அடியில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஒவ்வோர் உருவத்தையும் செய்வித்தவர் யார் என்பதைக் கூறுகின்றன, குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களையும் அவர்தம் மாணாக்கரையும் குறிப்பிடுகின்றன. இது திகம்பர நெறியைச் சார்ந்த கல்வித் தலம். ஆடையையும் துறந்த திகம்பர முனிவர் மயிற்பீலி, கமண்டலம் ஆகிய இரண்டையும் உடன்கொண்டு செல்லலாம், நூலையும் வைத்துக்கொள்ளலாம். அனைத்தையும் துறந்தவர் இவற்றை வைத்துக்கொள்வது முரண் அல்லவா என்னும் கேள்விக்குச் சமண நூல்கள் விடை தந்துள்ளன. பரிக்கிரகம், அதாவது உடைமைப் பற்று, பொருளில் இல்லை. பொருளின்மீது எழும் மயக்கத்தில் இருக்கிறது என்று உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. சிற்றுயிரை மிதிக்காமல் விலக்குவதற்குப் பீலி, தூய்மைக்குக் கமண்டலம், அறிவுக்கு நூல். ஏற்றுக்கொண்ட நோன்புக்குத் துணையாக நிற்கும் பொருள் உபகரணம் எனப்படும், அது உடைமையாகாது. நோன்பு எதையும் சாராமல், வேண்டுமே என்று சேர்த்துவைக்கப்படும் பொருள் எத்துணை இலேசாயினும் பரிக்கிரகம்.

இன்னும் ஒரு படி சென்று, பரிக்கிரகத்தைப் புறம் என்றும் அகம் என்றும் அவர்கள் பிரித்தனர். நிலம், வீடு, பொன், தானியம், ஆடை, கலம் முதலியவை புறப் பரிக்கிரகம், பத்து வகை. அகப் பரிக்கிரகம் 14 வகை: பொய்க்காட்சி, வெகுளி, செருக்கு, வஞ்சனை, உலோபம் ஆகிய ஐந்தும், சிரிப்பு, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம், அருவருப்பு ஆகிய ஆறும், மூவகைப் பால் வேட்கையும். இப்பட்டியலில் அச்சமும் உடைமையாகவே எண்ணப்பட்டிருப்பது ஆழ்ந்து கருதத்தக்கது. அனைத்தும் அடங்கிய ஜூம் லென்ஸை ஒருவர் எதற்காக வாங்குகிறார் என்று நேர்மையாகக் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை எதையும் தவறவிட்டுவிடக் கூடாது என்பதே. கடற்பறவை பறந்தால் 200 மி.மீ. வேண்டும், அடுத்த கணம் படகுத்துறை முழுவதும் வேண்டும் என்றால் 28 மி.மீ. வேண்டும். பை இலேசாகிறது, அகம் கனக்கிறது. எடை குறைந்த லென்ஸ் பற்றின்மையின் அடையாளம் என்னும் எண்ணம் இந்த இடத்தில் நிற்க முடியாமல் போகிறது.

எடை மிகுந்த லென்ஸோடு செல்பவர் இதனால் உயர்ந்தவராகிவிடுகிறாரா என்றால், அதுவும் இல்லை. அச்சம் இருக்கும் அதே பட்டியலில் செருக்கும் இருக்கிறது. திருமண மண்டபத்தில் பெரிய வெள்ளை லென்ஸைக் கண்டால்தான் வீட்டார் மதிப்பார்கள் என்பதற்காகவே அதை வாடகைக்கு எடுத்து மாட்டிச் செல்லும் வழக்கம் இருக்கிறது. அங்கே அது ஒளிக்காகச் சுமக்கப்படவில்லை.

ஆனாலும் கனத்த லென்ஸுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு, அது சமணர் இல்லறத்தாருக்கு வகுத்த நோன்புகளால் விளங்கும். கழுகுமலைத் துறவியிடம் இவ்வழக்கைக் கொண்டு சென்றிருந்தால் இரண்டு லென்ஸையும் கீழே வைக்கச் சொல்லியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆகவே துறவறத்தின் அளவையை விட்டு, சாவகர் எனப்பட்ட இல்லறச் சமணரின் அளவையைக் கொள்வதே முறை. பொருள் வரைதல் என்பது அவர்களுடைய நோன்புகளுள் ஒன்று: இவ்வளவுக்கு மேல் வேண்டேன் என்று எல்லையை முன்கூட்டியே வரைந்துகொள்வது. அந்த எல்லை சிறிதா பெரிதா என்பதை அவரவர் நிலை முடிவு செய்யலாம். முன்கூட்டியே வரையப்பட்டதா என்பதே கேள்வி. இன்னொன்று திசை வரைதல்: ஒவ்வொரு திசையிலும் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்வதில்லை என்று உறுதி கொள்வது. 70–200 லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு பேராலயத்துக்குள் செல்பவர், அகன்ற காட்சியை இன்று எடுப்பதில்லை என்று வாசலிலேயே முடிவு செய்துவிடுகிறார். கண்ணெதிரே விரியும் பெருங்கூட்டம் முழுவதையும் அவர் இழக்கிறார். ஒரு முதியவளின் முகத்தோடு நின்றுவிடுகிறார். அவர் தோளில் சுமப்பது ஒன்றரைக் கிலோ, துறந்தது அதனினும் பெரிது.

அனைத்தும் அடங்கியது என்னும் பெருமைப்பேச்சையும் சமண அளவையியல் சோதிக்க இடந்தருகிறது. பொருள் ஒவ்வொன்றும் எண்ணற்ற தன்மைகளை உடையது என்பது அநேகாந்தம். அவற்றுள் ஒன்றைப் பற்றி நின்று பார்ப்பது நயம். ஒரு நயம் தன்னையே முழுமை என்று சாதிக்கும்போதுதான் பிழையாகிறது. நீலகேசி என்னும் தமிழ்ச் சமணக் காப்பியம் பிற சமயத்தாரோடு நிகழ்த்தும் வாதங்களிலும் இக்கொள்கை பின்னின்று இயங்குகிறது. குவியத் தூரம் ஒவ்வொன்றையும் ஒரு நயம் என்று கொண்டால், ஜூம் லென்ஸிடம் எல்லா நயங்களும் உள்ளன என்று தோன்றும். உண்மையில் அதனிடம் அவை ஒன்றன்பின் ஒன்றாகவே உள்ளன. ஷட்டர் திறக்கும் கணத்தில் அது ஏதேனும் ஓர் அளவில் நின்றாக வேண்டும். சமணரின் ஏழு கூற்று முறையான சப்தபங்கி இவ்வேறுபாட்டை நுட்பமாகக் கண்டது: ஒரு பொருளை ‘உண்டு’ என்றும் ‘இல்லை’ என்றும் அடுத்தடுத்துச் சொல்வது மூன்றாம் கூற்று, இரண்டையும் ஒருசேரச் சொல்ல முயன்றால் அது சொல்லுக்கு அடங்காது என்பது நான்காம் கூற்று. ஜூம் லென்ஸ் மூன்றாம் கூற்றில் நிற்பது. அதை வாங்குபவர் நான்காவதை வாங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். முற்றும் ஒருங்கே உணர்தல் கேவல ஞானிக்கு மட்டுமே உரியது என்று சமணர் வரையறுத்ததன் பொருள், மற்றவர் அனைவரும் தேர்ந்தே காண வேண்டும் என்பதாகும்.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று தூத்துக்குடியிலிருந்தே எழும். பனிமய மாதாவின் பொன் தேர் 1806 இல் முதன்முதலாக ஓடியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5 அன்று திருவிழா நிறைவுறினும் பொன் தேர் அரிதாகவே இழுக்கப்படுகிறது, அண்மையில் 2013 இலும் 2023 இலும் இழுக்கப்பட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேரைத் தவறவிட அஞ்சுவது வெறும் அகப்பற்று என்று தள்ளிவிட முடியுமா? திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்காரத்தின்போது மணலும் உப்புக்காற்றும் வீச, தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றினால் கேமராவின் சென்சாரில் தூசு படியும். அங்கே ஒரே லென்ஸைக் கழற்றாமல் வைத்திருப்பது அறிவுடைமை. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தபோது, வாகனத்தின் கூரைமேல் சாதாரண உடையில் நின்று குறிவைத்த காவலரின் காட்சி உலகெங்கும் சென்றது. அத்தகைய நாளில் அகன்ற காட்சியையோ தொலைவுக் காட்சியையோ துறந்துவிட்டதாகப் படக்கலைஞர் சொன்னால் அது நோன்பாகாது, கடமை தவறியதாகவே கொள்ளப்படும்.

மறுப்பு நியாயமானது. ஆனால் அது கோட்பாட்டைத் தகர்க்கவில்லை, அதன் எல்லையைத் துலக்குகிறது. சாட்சியாக நிற்பவருக்கு எதைக் காண்பது என்பது அவருடைய விருப்பத்தில் இல்லை. நிகழ்வு ஆணையிடுகிறது, அவர் கீழ்ப்படிகிறார். ஏற்றுக்கொண்ட அக்கடமைக்கு ஜூம் லென்ஸ் துணை நிற்பதால் அங்கே அது உபகரணம். அதே லென்ஸ், என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் உப்பளத்தில் உலவுபவரின் கையில் உடைமையாகிறது. கண்ணாடியும் எடையும் மாறவில்லை, கொண்டவரின் நோக்கம் மாறிவிட்டது. பொன் தேரைப் பொறுத்தமட்டில் தீர்ப்பு அவ்வளவு எளிதன்று: செய்தித்தாளுக்கு எடுப்பவர் சாட்சி, வடம் பிடிக்க வந்தவர் வழிபடுபவர். பின்னவருக்கு லென்ஸே வேண்டுமா என்ற கேள்வியும் எழுகிறது. திருச்செந்தூர்க் கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை விதித்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 இல் பிறப்பித்த ஆணை இக்கேள்விக்கு ஒருவகையில் விடை சொல்லிவிட்டது.

எடையை நோக்கத்தால் அளப்பது தூத்துக்குடிக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில், இவ்வூர்க் கடலின் முத்துப்பார்களில் இறங்கியவர்கள் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலூன்றி இறங்கினார்கள். கல் இல்லாமல் இறங்கினால் மூச்சின் பெரும்பகுதி இறங்குவதிலேயே செலவாகிவிடும். அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிட, படகில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பி சேர்க்கும் நேரத்தில் அந்த எடை குளிப்பவரின் உடலில் இருப்பதில்லை. சலாபம் எனப்பட்ட அப்பெரிய முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றுபோயிற்று. எடையைச் சுமப்பதா விடுவதா என்று அதில் ஈடுபட்டவர்கள் வாதிட்டதில்லை. எந்த ஆழத்துக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்பதே அவர்கள் கணக்கு.

ஆகவே பகலொளியில் குடும்பத்துக்காகவும் பயணத்துக்காகவும் படம் எடுப்பவருக்கு ஜூம் லென்ஸ் ஒன்றே போதும். சாட்சியாக நிற்பவருக்கு அது தேவையும் ஆகும். மங்கிய ஒளியில் முகங்களைப் பதிவு செய்வதைத் தொழிலாக ஏற்றவர் கனத்த லென்ஸைச் சுமந்தே ஆக வேண்டும். இவற்றுள் எது தமக்குரியது என்று இன்னும் சொல்லத் தெரியாதவர் இரண்டில் எதையும் இப்போது வாங்க வேண்டியதில்லை.