எழுதிவிட்டு வாருங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறோம்

கிராம சபைக் கூட்டம். வரிசையில் கைமாறி வந்த தீர்மான நோட்டு, நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாவிடம் நின்றது. "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா." அவர் பேனாவை வாங்கவில்லை. "மேல ஒண்ணுமே எழுதலையே?" "வந்ததுக்குத்தாம்மா, தீர்மானத்த அப்புறம் எழுதிக்குவோம்." "எழுதிட்டு வாங்க. வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடுறேன்." அவருக்கு முன்னால் அதே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நண்பா, கணக்குச் சொல்ல ஆளில்லை என்று புலம்புகிறோமே, கணக்குக் கேட்க ஆள் இருந்தோமா? தெருவிளக்கு எரியவில்லை என்றால் டீக்கடையில் திட்டுகிறோம். போட்ட மாதமே பெயர்ந்த சாலையைப் பார்த்து "எல்லாம் அப்படித்தான்" என்கிறோம். அந்த ஒரு வார்த்தைதான் திருடனுக்கு நாம் திறந்துவிடும் வாசல்!

ராஜஸ்தானில், பாலி மாவட்டத்துக் கோட் கிரானா கிராமத்தில், 1994 டிசம்பரில் நடந்ததைக் கேள். அருணா ராயும் தோழர்களும் கட்டிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, கூலி வேலையின் வருகைப் பட்டியலை ஊர் நடுவே உரக்க வாசித்தது. வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை, அந்தப் பெயருக்குரியவர்களே கேட்டார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்று எழுந்த அந்தக் குரல் 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணாவாக நின்றது. 2005இல் நாடு முழுமைக்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்ததென்றால், அதற்கு வழி வெட்டியவர்களில் முன்னால் நின்றவர்கள் இந்தக் கூலிக்காரர்கள். பலருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. படித்த நீ எதற்குப் பயப்படுகிறாய்?

அந்தச் சட்டப்படி தகவல் கேட்கப் பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள் போதும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய். உன் தெருச் சாலையின் மதிப்பீடு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பட்டுவாடா ஆனது என்று கேள். தனியாகப் போகத் தயக்கமா? நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போ. கோயில் கமிட்டியோ, கூட்டுறவுச் சங்கமோ, பள்ளி மேலாண்மைக் குழுவோ, நீ உறுப்பினராக இருக்கும் இடத்திலும் இதே கேள்வியைக் கேள். நம்மாட்கள் என்று விடாதே!

அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். நோட்டு உன்னிடமும் வரும். பக்கம் வெள்ளையாக இருந்தால், பேனாவைத் தொடாதே.